ரேகை விழாத விரல்கள்

நாலே முக்காலுக்கு அலாரம் அடிக்கும். அடித்த பிறகுதான் அவன் எழுவான். அதற்கு வெகுநேரம் முன்பே விழித்திருப்பது வேறு விஷயம். குளியலறை நாலு அறைக்குப் பொது. ஐந்து மணிவரை அவன் முறை. பல் தேய்ப்பான், குளிப்பான், தரையில் நின்ற தண்ணீரை வழித்துவிடுவான். அறைக்கு வந்து கெட்டிலில் தண்ணீர் வைப்பான். அது கொதிப்பதற்குள் சட்டை, காலுறை. டீயை நின்றுகொண்டே குடிப்பான். இரண்டு துண்டு ரொட்டி. டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பான். ஐந்து இருபத்தைந்துக்குத் தெருமுனையில் கம்பெனி வேன் நிற்கும்.

வேனில் அவனுக்கு ஜன்னலோர இருக்கை. முன்பெல்லாம் அதற்கு அடிபிடி நடக்கும். மனைவி இறந்த பிறகு அறுபத்தெட்டு நாட்களாக அந்த இருக்கையை யாரும் கேட்கவில்லை.

வேலை சலவைக் கூடத்தில். ஏழெட்டு ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் அங்கே வரும். துவைத்துப் பிழிந்த விரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, சுருக்கமில்லாமல் நீவி, கொதிக்கிற இஸ்திரி உருளைக்குள் ஊட்ட வேண்டும். உருளை யாருக்காகவும் நிற்காது. ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு விரிப்பு விரல்நுனி வழியாக ஓடும், வெளுப்பு மருந்தின் ஈரத்தோடு. கையுறை உண்டு. போட்டால் துணியின் ஓரம் விரலுக்குத் தட்டுப்படாது. ஓரம் தவறினால் விரிப்பு மடங்கி உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். அதனால் கையுறைகள் அலமாரியில் புத்தம்புதிதாக இருந்தன. பரிசோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் எல்லாரும் எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.

அங்கே அவனுக்குப் பெயர் டிகிரி. இயற்பியலில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு விரிப்பு நீவுகிறான் என்பதால் வந்த பெயர். வைத்தவர் கொதிகலன் பார்க்கும் பிரஷர் அண்ணன். அவருக்கு அந்தப் பெயர் கொதிகலனால் வந்ததா, தினம் விழுங்கும் மாத்திரையால் வந்ததா என்பதில் இரண்டு கட்சி உண்டு.

மதியம் இடைவேளையில் அண்ணன் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"என்ன டிகிரி, கைய விரிச்சு வச்சுட்டு உக்காந்திருக்க? உனக்கு நீயே ஜோசியம் பாத்துக்கறியா?"

"ரேகை எடுக்க மாட்டேங்குதுண்ணே அந்த மெஷின்."

"எல்லா விரலுமா?"

"சுண்டு விரல் ரெண்டும் பரவால்லயாம். மத்ததெல்லாம் வழவழன்னு இருக்காம்."

"எம்.எஸ்ஸி. படிச்ச வெரலு. வழவழன்னுதான் இருக்கும்."

"சும்மா இருங்கண்ணே," என்றார் கூடத்தின் சூப்பர்வைசர் அக்கா, டிபன் டப்பாவை மூடிக்கொண்டே. "பாவம், அவனே..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். அவனிடம் பேசுகிறவர்கள் இப்போதெல்லாம் அந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள்.

விஷயம் இதுதான். அவன் இந்த நாட்டுக்கு வந்தது மனைவியின் பர்மிட்டில். முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர் வேலை கிடைத்து முதலில் வந்தவள் அவள். ஏழு மாதம் கழித்து அவனை அழைத்துக்கொண்டாள். அவனுடைய அட்டையில் 'கணவன்' என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்திருந்தது. அந்த டிக்கை நம்பித்தான் அவன் இங்கே தங்கினான், வேலை பார்த்தான். அவள் போன பத்தாம் நாள் குடியேற்ற அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. முதல் வரியில் வருத்தம். இரண்டாவது வரியில், அவள் இறந்த நாளிலிருந்து தொண்ணூறு நாள். அதற்குள் தற்காலிக வெளிநாட்டுத் தொழிலாளியாகச் சொந்தப் பெயரில் பர்மிட் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும்.

கம்பெனிக் கடிதத்தை அக்கா இரண்டே நாளில் வாங்கிக் கொடுத்தார். மார்பு எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர் எல்லாம் சரியாக இருந்தன. அறுபத்தோராம் நாள் ரேகை வைக்கப் போனான். கண்ணாடியில் விரலை அழுத்தினால் திரையில் வெள்ளையாக ஒரு முட்டை தெரிந்தது, கோடே இல்லாமல். துடைத்து வைத்தார்கள், ஈரம் தொட்டு வைத்தார்கள். கடைசியில் கவுன்டரில் இருந்த பெண் எழுபதாம் நாளுக்கு வேறு தேதி கொடுத்து, அதுவரை கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னாள். கைக்கு ஓய்வு கொடுத்தால் கம்பெனி அவனுக்கே ஓய்வு கொடுத்துவிடும் என்பதை அவளிடம் அவன் சொல்லவில்லை.

"இன்னும் ரெண்டு நாள்தான இருக்கு," என்றார் அக்கா. "நாளைக்கு நீ மடிக்கற பக்கம் போ. கிளவுஸ் போட்டுக்கோ."

"கிளவுஸ் என்ன கிளவுஸ்," என்றார் அண்ணன். "போன தடவ பர்மிட் புதுப்பிக்கறப்ப எனக்கும் இதே கூத்துதான். குதிகால் தேய்க்கற கல்லு இருக்குல்ல, அத வச்சு லேசாத் தேச்சேன். மேல இருக்கற செத்த தோலு போயி உள்ள இருக்கற ரேகை பளிச்சுனு வந்துடுச்சு. மறுநாள் போனேன், மெஷின் கப்புனு புடிச்சுக்குச்சு."

"நெஜமாவா?"

"நான் என்ன உங்கிட்ட பரிச்சைக்கா பதில் சொல்றேன்? செஞ்சு பாரு."

எம்.எஸ்ஸி. படித்தவன் அங்கே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். அண்ணன் கொதிகலன் பார்க்கிறவர். வெளுப்பு மருந்தை அவர் கை தொட்டதே இல்லை. அவர் விரலில் இருந்தது கரியும் எண்ணெய்ப் பிசுக்கும்; அதன் அடியில் ரேகை பத்திரமாக இருந்தது, தேய்த்ததும் வந்தது. அவன் விரலுக்கு அடியில் என்ன இருக்கிறது? இதை யோசிக்கப் பட்டமே தேவையில்லை. ஆனால் அந்த அறுபத்தெட்டு நாட்களில் அவன் எதையும் இரண்டாம் முறை யோசித்ததில்லை. செய் என்றால் செய்தான்.

கல் அறையிலேயே இருந்தது. அவளுடையது. சாயங்காலம் வாளியில் வெந்நீர் எடுத்துவைத்து எட்டு விரலையும் தேய்த்தான். வலிக்கவில்லை. மறுநாளும் தேய்த்தான். அப்போது கொஞ்சம் எரிந்தது.

தேய்த்து முடித்துத் துண்டால் துடைத்துக்கொண்டிருக்கும்போது மாமியார் அழைத்தார்.

"மாப்பிள்ள, சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன் அத்த."

"என்ன சாப்பிட்டீங்க?"

"ரொட்டி."

"காலைல கேட்டாலும் ரொட்டி, ராத்திரி கேட்டாலும் ரொட்டி." பின்னால் கேட்டுக்கொண்டிருந்த டி.வி.யை அணைத்தார். "அங்க யாருக்காக மாப்பிள்ள இருக்கணும்? கெளம்பி வந்துடுங்களேன்."

"பர்மிட்டுக்குக் குடுத்திருக்கேன் அத்த."

"வந்துட்டா?"

"இருப்பேன்."

"வரலன்னா?"

"வந்துடுவேன்."

"அப்ப வராமப் போகட்டும்னு வேண்டிக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

அவன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் இடத்தில் இருந்தால் அவனும் அதைத்தான் வேண்டியிருப்பான். ஆனால் ஊருக்குப் போனால் என்ன நடக்கும் என்பது அவனுக்கு மனப்பாடம். கூடத்தில் ஒரு நாற்காலி போடுவார்கள். அவனை அதில் உட்கார வைப்பார்கள். அத்தை, சித்தப்பா, ஒன்றுவிட்ட மச்சான், எதிர்வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். எப்படி ஆச்சு என்பார்கள். அவன் முதலிலிருந்து சொல்ல வேண்டும்: முதியோர் இல்லத்தின் மூன்றாவது மாடியில் ஒரு பாட்டிக்குத் தலையணை மாற்றிக்கொண்டிருந்தாள், தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாள், மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது, ஆஸ்பத்திரிக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது நாலு மணி, அதற்குள் முடிந்துவிட்டது. போனிலேயே பதினோரு முறை சொல்லியாகிவிட்டது. தகனம் இங்கேயே நடந்தது. அதையும் போனில்தான் பார்த்தார்கள். இங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்தால் அடுத்த விரிப்பு வருகிறது. அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்குப் பெயர் பர்மிட்.

எழுபதாம் நாள் இயந்திரம் ரேகைக்குப் பதில் கீறல்களைக் காட்டியது. குறுக்கும் நெடுக்குமாக, பூனை பிறாண்டியது போல. கவுன்டர் பெண் திரையைப் பார்த்தாள், அவன் விரலைப் பார்த்தாள், எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கூட ஓர் ஆள் வந்தார். அவர் விரல்களைத் தொடாமலேயே பார்த்துவிட்டு ஒரு தாளில் முத்திரை குத்தினார். விசாரணை. எழுபத்தொன்பதாம் நாள், காலை பத்து மணி, இரண்டாம் மாடி.

அண்ணனிடம் தாளைக் காட்டினான். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அந்த ஊர் மொழியை அவனுக்கு எழுத்துக்கூட்டவாவது தெரியும்; அவருக்கு அதுவும் தெரியாது. ஆனாலும் நெடுநேரம் படித்தார்.

"கல்லு என்ன கல்லு வச்சுத் தேச்ச?"

"குதிகால் கல்லுதான்."

"அழுத்தித் தேச்சுட்டியோ?"

"தெரியலண்ணே."

"லேசான்னு சொன்னேன்ல." தாளை மடித்து அவனிடம் திருப்பிக் கொடுத்தார். அன்று முழுவதும் யாரையும் கேலி செய்யவில்லை. வேனில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

விசாரணை அறை சின்னது. ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு கணினி. சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்த அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம். பக்கவாட்டில் மொழிபெயர்ப்பாளர், தமிழ்ப் பெண், நாற்பது வயதிருக்கும், மடியில் குறிப்பு நோட்டு. வாக்குமூலம் தாய்மொழியில்தான் இருக்க வேண்டும் என்பது விதி.

அதிகாரி பேசினார். மொழிபெயர்ப்பாளர் அவனைப் பார்த்துத் திரும்பினார்.

"விரல நீங்களே தேச்சீங்களான்னு கேக்கறாரு."

"தேச்சேன்."

மொழிபெயர்ப்பாளர் பேனாவை நிறுத்தினார். "ஆமான்னே சொல்லிடவா?"

"சொல்லுங்க."

சொன்னார். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரேகை அழியறதுக்காகவா?"

"வர்றதுக்காக."

கல், வெந்நீர், அண்ணன் சொன்ன யோசனை எல்லாவற்றையும் சொன்னான். மொழிபெயர்ப்பாளர் ஒன்றுவிடாமல் அந்தப் பக்கம் கடத்தினார். குதிகால் தேய்க்கும் கல் என்பதற்கு மட்டும் தன் செருப்பைச் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. அதிகாரி நீளமாகப் பதில் சொன்னார்.

"இந்த நாட்டுக்கு வரக் கூடாதுன்னு தடை வாங்குனவங்க வேற பேர்ல திரும்பி வர்றப்ப இப்படித்தான் விரலத் தேச்சுட்டு வருவாங்களாம். உங்கள அப்படின்னு அவரு சொல்லல. ஆனா அப்படி இல்லன்னு காட்ட வேண்டியது நீங்கதானாம். இன்னிக்குள்ள முடிவு எழுதணுமாம்." நோட்டில் ஒரு பக்கம் திருப்பி, "ரேகை போயிடுச்சுன்னு உங்களுக்கு மொதல்ல எப்பத் தெரிஞ்சதுன்னு கேக்கறாரு. அறுபத்தோராம் நாளா, அதுக்கு முன்னாடியா?"

"முன்னாடி." தேதியைச் சொன்னான்.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். அதே தேதி வேறொரு தாளில் இருந்தது. அதன்மேல் பேனாவை வைத்தார்.

"அது உங்க மனைவி..." என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"ஆமா. அன்னிக்குக் காலைல. அவ வேலைக்குக் கெளம்பறப்ப. என் போன் அதுவரைக்கும் விரல் வச்சாத் தெறந்துடும். அன்னிக்கு அஞ்சாறு தடவ வச்சும் தெறக்கல."

அதிகாரிக்கு அது பிடிபட்டது. அவனுக்கும் சொல்லும்போதுதான் பிடிபட்டது. அந்தக் காலையில் அவன் அட்டையில் இன்னும் இரண்டு வருடம் இரண்டு மாதம் மிச்சமிருந்தது. 'கணவன்' என்ற டிக் சாயம் போகாமல் இருந்தது. விரலை அழிக்க அவனுக்கு ஒரு காரணமும் இல்லை.

"வாயால சொன்னா எடுத்துக்க முடியாதாம். எழுத்துல ஏதாவது இருக்கா?"

யோசித்தான். பிறகு போனை எடுத்து, எண் போட்டுத் திறந்து, பிரஷர் அண்ணனுடைய செய்திகளில் பின்னோக்கிப் போனான். அந்தத் தேதியில் இருந்தது. காலை ஐந்து இருபத்திரண்டு. அவன் அனுப்பியது: 'வேனை ரெண்டு நிமிஷம் நிறுத்தி வைங்கண்ணே. போன் விரலுக்குத் தெறக்கல, அதோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன்.' அதற்கு அண்ணன்: 'விரலக் கழட்டி வீட்லயே வச்சுட்டு வா. இங்க அதுக்கு வேலையில்ல.'

மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் படித்துச் சொன்னார். இரண்டாவதைக் கேட்டதும் அதிகாரியின் முகம் மாறியது. வேகமாக ஏதோ கேட்டார்.

"விரல எடுக்கச் சொன்னது யாருன்னு கேக்கறாரு."

"வெளையாட்டுக்குச் சொன்னதுன்னு சொல்லுங்க."

"சொல்லிட்டேன். இதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்குன்னு கேக்கறாரு."

அவன் அதையும் யோசித்துப் பார்த்தான். "எனக்கும் சொல்லத் தெரியல. அவரு அப்படித்தான்."

மொழிபெயர்ப்பாளருக்கு உதட்டோரம் லேசாக அசைந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் விளக்கினார், கையை ஆட்டி, ஒருமுறை தன் விரலையே கழற்றுவதுபோல் காட்டி. அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் போனை வாங்கி, நேரத்தையும் தேதியையும் தானே பார்த்துக் குறித்துக்கொண்டார். திரையைப் படம் எடுத்தார்.

"கடைசிக் கேள்வி. போன் தெறக்காதப்ப கூட யாரு இருந்தாங்க?"

"அவதான்."

"அவங்க பாத்தாங்களா? ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னா."

"என்ன சொன்னாங்கன்னு அப்படியே சொல்லணுமாம்."

அவன் சொன்னான். மொழிபெயர்ப்பாளர் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதியதை ஒருமுறை தனக்குள் படித்தார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று அவனிடம் கேட்டார். வேண்டாம் என்றான். அவர் தான் ஒரு வாய் குடித்துவிட்டு, அதிகாரி பக்கம் திரும்பி, முழுவதையும் சொன்னார். அதிகாரி தட்டச்சு செய்தார். அவர் பேசிய நேரத்துக்கு இவர் தட்டியது ஒரே ஒரு வரிதான்.

எண்பத்தேழாம் நாள் பதிவுத் தபாலில் அட்டை வந்தது. தற்காலிகத் தொழிலாளி, சலவைப் பிரிவு, இரண்டு வருடம். ரேகைக்கான இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு, 'விலக்கு' என்று அச்சடித்திருந்தார்கள்.

அக்கா அட்டையை வாங்கிப் பார்த்து அதன்மேல் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டுத் திருப்பித் தந்தார். "நாளையிலருந்து உருளைக்கே வந்துடு," என்றார். அண்ணன் அதைக் கொதிகலன் அறை விளக்கில் வைத்து முன்னும் பின்னும் பார்த்தார்.

"ரேகையில்லாத மனுசன். இனிமே நீ தைரியமாத் திருடப் போலாம் டிகிரி."

"எதத் திருடறது? இங்க பெட்ஷீட்தான் இருக்கு."

"அதயும் துவைச்சு வச்சிருக்கோம், பாரேன்," என்றார் அண்ணன். பழைய குரல் திரும்பியிருந்தது.

அறைக்கு வந்து மாமியாருக்கு அழைத்தான்.

"பர்மிட் வந்துடுச்சு அத்த."

அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. "ம்," என்றார். பிறகு, "வேண்டிக்கறதுகூட எனக்குச் சரியா வரல, பாத்தீங்களா," என்றார். பிறகு சாப்பிட்டானா என்று கேட்டார்.

உறையில் அட்டையோடு வாக்குமூலத்தின் பிரதியும் இருந்தது. தமிழில் ஒன்று, அந்த ஊர் மொழியில் ஒன்று. அதிகாரி தட்டியதிலிருந்து திருப்பித் தமிழாக்கியிருந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்து படித்தான். ஒன்பதாவது பத்தி: 'மேற்படி தேதியில் விண்ணப்பதாரரின் மனைவி அன்னார் மேற்படி பழுதைக் கவனித்ததாகவும், எண்ணைப் பயன்படுத்துமாறு அறிவுறுத்தியதாகவும் விண்ணப்பதாரர் கூறுகிறார்.'

தப்பு என்று சொல்ல முடியாது. காரியமும் நடந்துவிட்டது. ஆனால் அவள் யாரையும் எதையும் அறிவுறுத்துகிற ரகம் இல்லை. அன்று அவள் ஒரு காலை நாற்காலிமேல் தூக்கிவைத்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். வாயில் தலைமுடிக் கிளிப். அவன் போனை நீட்டிக்கொண்டு எதிரே நின்றான். கிளிப்பை எடுத்துத் தலையில் குத்திக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, கதவைத் திறந்த பிறகுதான் சொன்னாள்.

"விரல் போனாப் போகுது, நம்பர் இருக்குல்ல, அதப் போடுங்க. எல்லாத்துக்கும் என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னா எப்படி? தள்ளுங்க, எனக்கு பஸ் போயிடும்."